செம்மஞ்சள் மார்பா, அரக்கு முதுகா? நம் காட்டின் இரு பச்சைப்புறாக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கும் மாணவர்களும், வயலுக்கும் குளத்துக்கும் போய்வரும் வழியில் ஆலமரத்தைக் கவனிக்கும் பெரியவர்களும் பச்சைப்புறாக்களைப் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, என் விடைகளையும் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

எங்கட பக்கத்துப் பச்சைப்புறா எண்டு சொல்லுறது ஒரு இனமா, ரெண்டு இனமா?

நம் பகுதியில் வழக்கமாகக் காணப்படுபவை இரண்டு இனங்கள். ஒன்று செம்மஞ்சள் மார்புப் பச்சைப்புறா. அறிவியல் பெயர் திரெரோன் பைசிங்டஸ். மற்றது இலங்கைப் பச்சைப்புறா. அறிவியல் பெயர் திரெரோன் பொம்படோரா. இரண்டும் ஏறத்தாழ 27 முதல் 29 சென்ரிமீற்றர் நீளமுள்ளவை, ஆகவே வீட்டுப்புறாவைவிடச் சற்றுச் சிறியவை. இரண்டும் மரத்திலேயே வாழ்ந்து பழத்தையே நம்பியிருப்பவை. இரண்டுக்கும் கால்கள் சிவப்பு, இறகோரங்களில் மஞ்சள் கோடுகள். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் அவை வாழும் நிலப்பரப்பு பெரிதும் வேறுபடுகிறது. செம்மஞ்சள் மார்புப் பச்சைப்புறா இந்தியா, நேபாளம், வங்காளதேசம் தொடங்கித் தென்கிழக்காசியா வழியாக ஜாவா வரையும் சீனாவின் ஹைனான் தீவு வரையும் பரவியுள்ளது. இலங்கைப் பச்சைப்புறாவோ இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

ஆண் புறாவைப் பார்த்த உடனே எது எண்டு எப்படிச் சொல்லுறது?

மார்பையும் முதுகையும் பாருங்கள், அதுவே போதும். செம்மஞ்சள் மார்புப் பச்சைப்புறாவின் ஆணுக்கு மேல்மார்பில் இளம் ஊதா நிறப் பட்டை ஒன்றும் அதன் கீழே அகன்ற செம்மஞ்சள் பட்டை ஒன்றும் இருக்கும், முதுகு பச்சை. இலங்கைப் பச்சைப்புறாவின் ஆணுக்கு மார்பில் எந்தப் பட்டையும் இல்லாமல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். முதுகும் தோளும் அரக்கு நிறம். நிறம் மார்பில் என்றால் முதலாவது, முதுகில் என்றால் இரண்டாவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் அதை மறப்பதில்லை.

புறா முன்பக்கம் காட்டி உட்கார்ந்திருந்தால் மார்பும், பின்பக்கம் காட்டினால் முதுகும் மட்டுமே தெரியும் என்பதால், மற்றப் பக்கத்தைப் பார்க்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. குறிப்பாகக் காலை வெயிலுக்கு எதிராக நின்று பார்க்கும்போது அரக்கு நிறம் வெறும் கருமையாகத் தெரியும். இடத்தை மாற்றி, வெயில் உங்கள் முதுகுப்பக்கம் விழும்படி நின்றால் பாதிச் சந்தேகம் அப்போதே தீர்ந்துவிடும்.

பெண் புறா ரெண்டும் ஒரே மாதிரித்தானே இரிக்கி, அதுக்கு என்ன செய்யிற?

பெண்ணுக்கு மார்புப் பட்டையும் இல்லை, அரக்கு முதுகும் இல்லை. எனவே முந்திய விடையில் சொன்னது இங்கு உதவாது. உறுதியாக நம்பக்கூடிய அடையாளம் வாலின் நடு இறகுகளில் இருக்கிறது: செம்மஞ்சள் மார்புப் பச்சைப்புறாவில் அவை சாம்பல் நிறம், இலங்கைப் பச்சைப்புறாவில் பச்சை நிறம். வாலின் மேற்பக்கத்தையே பார்க்க வேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது தெரியும் அடிப்பக்கத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. புறா கிளையில் திரும்பி உட்காரும்போதோ, இறங்குவதற்காக வாலை விரிக்கும்போதோ அந்த இறகுகள் நன்றாகத் தெரியும்.

தலையின் சாம்பல் நிறத்தை வைத்துச் சொல்லலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். செம்மஞ்சள் மார்புப் பச்சைப்புறாவுக்குப் பிடரி சாம்பல் நிறமாக இருக்கும். ஆனால் இலங்கைப் பச்சைப்புறாவின் உச்சந்தலையிலும் நீலம் கலந்த சாம்பல் சாயல் உண்டு. ஆகவே தலையில் சாம்பல் தெரிகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பெயர் எழுதாதீர்கள். கால் நிறமும் உதவாது, இரண்டுக்கும் ஒன்றே.

பக்கத்தில் ஆண் இருந்தால் அதன் இனமே பெண்ணின் இனமும் என்று எடுத்துக்கொள்வது பலருடைய வழக்கம். அது பெரும்பாலும் சரியாக அமையலாம் என்றாலும், அடுத்த கேள்வியைப் படித்த பின் அதில் முழு நம்பிக்கை வைக்க முடியாது.

ஒரே மரத்தில ரெண்டு இனமும் சேர்ந்து இருக்குமா?

இருக்கும். பழுத்த ஆலமரத்தில் பழம் மிகுதியாக இருக்கும்போது ஒன்றையொன்று விரட்ட வேண்டிய தேவை குறைவு. இரண்டு இனமும் ஒரே மரத்துக்கு வந்து தின்று, நிழலில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். மைனாக்களும் குயில்களும் கொண்டைக்குருவிகளும் அதே மரத்தில் சத்தமிட்டுக்கொண்டிருக்கும்.

இதனால்தான் ஒரு கூட்டத்தில் முதலில் கண்ட ஆணின் பெயரை முழுக் கூட்டத்துக்கும் சூட்டிவிட வேண்டாம் என்று சொல்கிறேன். ஒவ்வொன்றாகப் பாருங்கள். நேரம் எடுக்கும், ஆனால் பழமரத்தின் கீழ் செலவிடும் நேரம் ஒருநாளும் வீண்போவதில்லை.

எங்க போனாப் பார்க்கலாம்? எந்தக் காலம் நல்லம்?

இடத்தைவிட மரம் முக்கியம். ஆல், அரசு, இத்தி, அத்தி ஆகிய மரங்களில் ஒன்று பழுத்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் புறாவையும் கண்டுபிடித்த மாதிரி. இந்த மரங்கள் மாமரத்தைப் போல ஊரெல்லாம் ஒரே பருவத்தில் பழுப்பவை அல்ல. இவற்றின் பூக்கள் காய் போன்ற உறைக்குள்ளே மறைந்திருக்கின்றன. அவற்றுக்கு மகரந்தம் கொண்டுவருபவை மிகச் சிறிய குளவிகள். அந்தக் குளவி உள்ளே வளர்ந்து வெளியே வந்தபின் சில நாள்களே உயிர்வாழும். அதற்குள் பூக்கும் நிலையிலுள்ள இன்னொரு மரத்தை அது அடைய வேண்டும். எல்லா மரங்களும் ஒன்றாகக் காய்த்து ஒன்றாக ஓய்ந்தால் குளவி இனமே அற்றுப்போகும். ஆகவே ஒரு மரம் பழுக்கும்போது இன்னொரு மரம் பிஞ்சுவிட்டுக்கொண்டிருக்கும். ஆண்டு முழுவதும் எங்கோ ஓரிடத்தில் பழம் இருப்பதால்தான் பழத்தை மட்டுமே நம்பும் புறாவால் இந்த வரண்ட காட்டில் வாழ முடிகிறது. மரத்தின் அட்டவணையைக் குறித்து வையுங்கள்; மாதத்தைக் குறிப்பதைவிட அது பயனுள்ளது.

இடங்கள் என்று கேட்டால், அம்பாறை மாவட்டத்தில் லகுகல, குமண, கல்லோயா ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களின் காடுகளும் இரண்டு இனத்துக்கும் ஏற்றவை. குமணவில் கும்புக்கன் ஆற்றங்கரையில் உயர்ந்த மருத மரங்களுக்கு இடையே அத்தியும் ஆலும் நிற்கின்றன. கடும் வெயில் காலத்திலும் அந்தக் கரை பசுமையாக இருக்கும். உகந்தை முருகன் ஆலயத்திலிருந்து அந்தக் காட்டின் ஊடாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நிழலுக்காக நிற்கும் மரங்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும். மட்டக்களப்பு மாவட்டத்தில் உன்னிச்சை, உறுகாமம் குளங்களைச் சுற்றியுள்ள காட்டோரங்களிலும் குடும்பிமலைப் பக்கத்துக் காடுகளிலும் தேடலாம். கோயில் வளவிலும் பாடசாலை வளவிலும் நிற்கும் பழைய ஆலமரங்களைத் தவறவிட வேண்டாம்.

விடிந்ததிலிருந்து காலை ஒன்பது மணிவரையும், வெயில் தணிந்த பின் மாலையிலும் அவை தின்ன வரும். நடுப்பகலில் இலைக்குள் அசையாமல் இருக்கும்.

கொழும்பில இருக்கிற என்ட மச்சான் செம்மஞ்சள் மார்பு இனத்தைக் காணவே இல்லை எண்டு சொல்லுறார், ஏன்?

செம்மஞ்சள் மார்புப் பச்சைப்புறா இலங்கையில் பெரும்பாலும் வரண்ட தாழ்நிலத்துப் பறவை. இலங்கைப் பச்சைப்புறா வரண்ட வலயத்திலும் ஈர வலயத்திலும் வாழ்கிறது; நடுத்தர உயரமுள்ள மலைப்பகுதிக்கும் ஏறுகிறது. ஆகவே தென்மேற்கில் இருப்பவர் பெரும்பாலும் அரக்கு முதுகையே காண்பார். இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நம் கிழக்குக் கரைக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு என்றே நான் கருதுகிறேன்.

புறா மாதிரிக் குறுகுறு எண்டு சத்தம் போடாதா?

பச்சைப்புறாக்கள் மணிப்புறாவைப் போலக் குனுகுவதில்லை. மென்மையான, ஏறி இறங்கும் சீழ்க்கை ஒலியே அவற்றின் குரல். மனிதர் ஒருவர் தொலைவில் நின்று மெதுவாகச் சீழ்க்கை அடிக்கிறார் என்றே முதன்முறை கேட்பவர் நினைப்பார். இரண்டு இனத்தின் குரலும் ஒத்த தன்மையுடையவை என்பதால் குரலை மட்டும் வைத்து இனத்தைப் பிரிக்க நான் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. மரத்தில் புறா இருக்கிறது என்று அறிவதற்குக் குரல் போதும். எது என்று அறியக் கண் வேண்டும்.

சத்தம் கேட்குது, பழம் விழுகுது, ஆனா ஒண்டையும் காணல்லையே?

பச்சை இலைக்குள் பச்சைப்புறா அசையாமல் இருந்தால், பழகிய கண்ணுக்கும் தெரியாது. மரத்தின் அடியில் நின்று தேடாமல், முப்பது நாற்பது அடி தள்ளி, பழம் நிறைந்த ஒரு கிளையை மட்டும் தெரிந்தெடுத்து அதையே பாருங்கள். பழத்தை எட்டிப் பிடிக்கப் புறா கிளையில் தலைகீழாகக்கூடத் தொங்கும்; அந்த அசைவு காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றைக் கண்டதும் அதன் பக்கத்தில் இன்னும் நாலைந்து இருப்பது தெரியவரும்.

கல் எறிந்து கலைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சிறகு படபடக்க எல்லாம் ஒன்றாகக் கிளம்பி அம்பு வேகத்தில் போய்விடும். அடையாளம் காண எதுவும் மிஞ்சாது. தின்ன வந்த உயிரைப் பட்டினியாக அனுப்பியதுதான் மிச்சம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மறுகா அந்தப் பெரிய பச்சைப்புறா ஒண்டு இருக்கே, அது இதுகளின்ட தாயா?

இல்லை, அது முற்றிலும் வேறொரு இனம். டூக்குலா என்னும் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. நீளம் 40 சென்ரிமீற்றருக்கும் மேல். தலையும் கழுத்தும் அடிப்புறமும் வெளிர் சாம்பல். முதுகும் சிறகும் வாலும் உலோகப் பளபளப்புள்ள கரும்பச்சை. உயர்ந்த மரத்தின் உச்சியில் உட்கார்ந்து ஆழமான, கனத்த குரலில் ஒலியெழுப்பும். பக்கத்தில் சிறிய பச்சைப்புறா ஒன்று இருந்தால் அளவு வேறுபாடு உடனே தெரியும். இந்தப் பெரிய புறாவை விதை பற்றிய கேள்வியில் மறுபடியும் பார்ப்போம்.

வளவுக்குள்ள தரையில நடந்து திரியிற பச்சைப்புறா எது?

அது மரகதப்புறா. சிறகும் முதுகும் மரகதப் பச்சையாக இருந்தாலும் தலையும் மார்பும் இளஞ்சிவப்புக் கலந்த பழுப்பு, அலகு சிவப்பு. உதிர்ந்த விதைகளையும் பழங்களையும் தரையில் நடந்து பொறுக்கும். நாம் பேசும் இரண்டு இனங்களும் மிக அரிதாகவே தரையில் இறங்கும்.

கால் மஞ்சளான பச்சைப்புறாவைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அப்படி ஒன்று இலங்கையில் உண்டா?

உண்டு, ஆனால் மிக மிக அரிது. மஞ்சட்கால் பச்சைப்புறா இந்தியாவில் பரவலாகக் காணப்படும் இனம். இங்கு பெரும்பாலும் மொனராகலைப் பக்கத்திலிருந்தே அதைப் பற்றிய பேச்சு வருகிறது. அது நம் இரண்டையும்விடப் பெரியது. தோளில் ஊதா நிறப் புள்ளி ஒன்று இருக்கும். கல்லோயாக் காடு அந்தத் திசையிலேயே தொடர்வதால் அம்பாறையின் மேற்குப் பக்கத்தில் பறவை பார்ப்பவர்கள் கால் நிறத்தையும் கவனிக்கலாம். கண்டால் காலும் தோளும் ஒன்றாகத் தெரியும் படம் இல்லாமல் எவரும் அதை ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

பழம் தின்னுற புறா விதையைப் பரப்பிக் காட்டை வளர்க்குது எண்டு பாடத்தில படிச்சம். இதுவும் அப்படித்தானா?

இது நான் மிகவும் விரும்பும் கேள்வி, ஏனெனில் விடை எதிர்பார்ப்பதற்கு மாறானது. பச்சைப்புறாக்களின் இரைப்பை தடித்த தசையால் ஆனது. அவை விழுங்கி வைத்திருக்கும் சிறுகற்களின் உதவியோடு அது அத்தி, ஆல் விதைகளை அரைத்துவிடுகிறது. அவை பழச்சதையோடு விதையையும் உணவாக்கிக்கொள்கின்றன என்பதால், அவற்றின் எச்சத்தில் முளைக்கக்கூடிய நிலையில் வெளியேறும் விதை குறைவு. ஆகவே நம் இரண்டு இனங்களையும் ஆலமரத்தின் விதை பரப்பிகள் என்று சொல்வதைவிட விதையை உண்பவை என்று சொல்வதே பொருத்தம். இந்த விடயத்தில் செம்மஞ்சள் மார்புக்கும் அரக்கு முதுகுக்கும் வேறுபாடு இல்லை.

மேலே சொன்ன பெரிய புறா இதற்கு நேரெதிர். அதன் இரைப்பை மெல்லிய சுவருடையது. வாய் அகலமாக விரியும். பெரிய கொட்டையுள்ள பழத்தை முழுதாக விழுங்கிச் சதையை மட்டும் செரித்து, கொட்டையை அப்படியே வேறிடத்தில் வெளியேற்றும். சிறிய பறவைகளால் விழுங்க முடியாத பழங்களையுடைய மரங்களுக்கு அது இன்றியமையாத துணை. ஆலையும் அத்தியையும் பரப்பும் வேலையைப் பழந்தின்னி வௌவால், குயில், மைனா, கொண்டைக்குருவி, லகுகல போன்ற காடுகளில் இருவாட்சி முதலியவை செய்கின்றன.

அப்படியானால் பச்சைப்புறாவால் காட்டுக்குப் பயனில்லையா என்று ஒரு மாணவி கேட்டாள். ஒரு உயிர் வாழ்வதற்கு அது நமக்கோ மரத்துக்கோ பயன்பட்டாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பது என் எண்ணம். அதோடு, பச்சைப்புறாவைப் பிடித்து உண்ணும் வல்லூறு, கழுகு இனங்களும் அதே காட்டில்தான் வாழ்கின்றன.

கூடு எப்படி இருக்கும்? குஞ்சுக்குப் புறா பால் குடுக்குமாமே?

மரக்கிளையில் சில சுள்ளிகளை அடுக்கிய மெல்லிய தட்டே கூடு. கீழே நின்று பார்த்தால் சுள்ளிகளின் இடையே வானம் தெரியும். இரண்டு வெள்ளை முட்டைகள் இடும். இதிலும் இரு இனங்களுக்கும் வேறுபாடு சொல்லும்படி இல்லை.

புறாப்பால் என்பது உண்மை. எல்லாப் புறாக்களிலும் ஆண், பெண் இரண்டின் கண்டப்பையிலும், அதாவது விழுங்கிய உணவு தங்கும் கழுத்துப் பையிலும், கொழுப்பும் புரதமும் நிறைந்த தயிர்க்கட்டி போன்ற பொருள் உண்டாகிறது. அதையே குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. பழத்தில் புரதம் குறைவு. பூச்சி பிடிக்காத பறவை ஒன்று குஞ்சை வளர்த்தெடுப்பது இந்தப் பாலால்தான்.

அப்பாட பழைய புத்தகத்தில இலங்கைப் பச்சைப்புறா எண்டு ஒண்டும் இல்லையே. புதுசா வந்த இனமா?

பறவை புதிதல்ல; வகைப்பாடு மாறியிருக்கிறது. 1789ஆம் ஆண்டிலேயே கிமெலின் என்னும் ஜெர்மானிய இயற்கையியலாளர் இதற்கு அறிவியல் பெயரிட்டார். பின்னர் இந்தியா, பர்மா, அந்தமான், பிலிப்பைன்ஸ் வரை வாழும் ஒத்த புறாக்களையெல்லாம் சேர்த்துப் பொம்படூர் பச்சைப்புறா என்ற ஒரே இனமாகக் கொண்டார்கள். பழைய புத்தகங்களில் நீங்கள் காண்பது அந்தப் பெயரே. அண்மைக் காலத்தில் அவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரித்தபோது, முதலில் பெயர் பெற்ற நம் தீவின் பறவைக்கே பொம்படோரா என்ற பெயர் நிலைத்தது. அது இலங்கைக்கே உரிய இனமாகவும் ஆனது.

செம்மஞ்சள் மார்புப் பச்சைப்புறாவுக்கு 1840ஆம் ஆண்டில் ஜேர்டன் என்னும் பறவையியலாளர் பெயரிட்டார். இலங்கையில் வாழ்வது லெக்கெய் என்னும் துணையினம். இலங்கைப் பறவைகளைப் பற்றி 1878 முதல் 1880 வரை பெருநூல் வெளியிட்ட வில்லியம் வின்சென்ட் லெக் என்பவரின் நினைவாக 1910இல் அந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஆக, இந்தப் புறாவிலும் நம் தீவுக்கென்று ஒரு துணையினம் உண்டு.

இலங்கையில மட்டும் இருக்கிறது எண்டால் அழிஞ்சு போற ஆபத்தில இருக்கா?

இரண்டு இனங்களும் இப்போது, உயிரினங்களின் அழியும் ஆபத்தை மதிப்பிடும் உலகளாவிய செம்பட்டியலில் குறைந்த கவலைக்குரியவை என்றே வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆனால் இரண்டுக்கும் அந்தச் சொல் ஒரே பொருளைத் தரவில்லை என்று நான் நினைக்கிறேன். செம்மஞ்சள் மார்புப் பச்சைப்புறா இங்கு குறைந்தாலும் ஆசியாவின் வேறு நாடுகளில் இருக்கும். அரக்கு முதுகுப் புறாவுக்கு வேறு நாடு இல்லை. இங்கே குறைந்தால் உலகிலேயே குறைந்ததாகும். வீதி அகலிப்புக்காகவும் காணி துப்புரவுக்காகவும் முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் விறகுக்கும் பலகைக்கும் உதவாத ஆலும் இத்தியுமே. ஒரு பழைய ஆல் போனால், மேலே சொன்ன பழச்சுற்றில் ஒரு இடைவெளி விழுகிறது.

முந்தி இதை வெடி வச்சுச் சமைப்பாங்க. இப்ப பிடிக்கலாமா, வளர்க்கலாமா?

கூடாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் நம் காட்டுப் பறவைகளைப் பாதுகாக்கின்றன. தேசியப் பூங்காவுக்குள் எந்த விலங்கையும் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டால், முடிந்தால் அதே மரத்தின் கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். காயம்பட்டிருந்தால் அருகிலுள்ள வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். சோறும் பயறும் கொடுத்து வளர்க்க முடியாத பறவை இது.

நான் படம் அனுப்பினா நீங்க சில நேரம் "பச்சைப்புறா" எண்டு மட்டும் எழுதுறீங்க. ஏன் முழுப்பேர் சொல்லுறீங்க இல்ல?

அந்தப் படங்களில் பெரும்பாலானவை, கீழிருந்து எடுத்த பெண் புறாவின் படங்கள். வாலின் நடு இறகு தெரியாத பெண்ணுக்கும், மார்புப் பட்டை இன்னும் நிறம் ஏறாத இளம் ஆணுக்கும் உறுதியான பெயர் சொல்ல முடியாது. தெரியாததைப் பெயரிட்டு எழுதினால், நாளை யாராவது இந்த மாவட்டத்தில் எந்த இனம் எங்கே இருந்தது என்று தேடும்போது அந்தக் குறிப்பு அவரைத் தவறான இடத்துக்கு அனுப்பும். "பச்சைப்புறா, இனம் தெரியவில்லை" என்ற குறிப்பு முழுமையான குறிப்பே.

படம் எடுக்கும்போது ஒன்றோடு நிறுத்தாமல், அது திரும்பும்போதும் வாலை விரிக்கும்போதும் தொடர்ந்து எடுங்கள். எந்த மரம், பழுத்திருந்ததா, கூட்டத்தில் எத்தனை, அவற்றில் எத்தனை ஆண் என்பதையும் எழுதி அனுப்புங்கள். நிறம் தெளியாத படமாயினும் பின்னால் வாலின் மேற்பக்கம் சாம்பலாகத் தெரிந்தால் செம்மஞ்சள் மார்பு என்றும், பச்சையாகத் தெரிந்தால் இலங்கைப் பச்சைப்புறா என்றும் தயங்காமல் எழுதித் தருவேன்.